எவாஞ்சலியன்: மூன்றாவது முறை பார்த்து முடித்தபோது

முதல் தடவை பார்த்தது கல்லூரி விடுதியில், ஒரே வாரத்தில் 26 எபிசோடுகள். இரண்டாவது தடவை, 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது. இந்த ஆண்டு மூன்றாவது தடவை, இரவுக்கு ஓர் எபிசோடாக. 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற இந்த ஜப்பானிய அனிமே தொடர் எனக்கு உயிர். ஆனாலும் அதன்மேல் ஒரு கோபம் உண்டு, அது வருடத்துக்கு வருடம் கூடுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கீழே கதை முழுக்க வரும்.

ஹிதேயாகி அன்னோ இயக்கி, 1995 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கிய தொடர் இது. ராட்சத ரோபோ, அதை ஓட்டும் 14 வயதுப் பையன், வரிசையாக வந்து தாக்கும் 'தூதர்கள்' என்ற ராட்சத எதிரிகள் என்று மெக்கா அனிமேக்கு, அதாவது ரோபோ அனிமேக்கு, உரியது எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் ஷின்ஜிக்கு ரோபோவின்மேல் ஆசையே கிடையாது. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத அப்பா கூப்பிட்டாரே என்று வருகிறான். வந்த அன்றே 'ஏறு, இல்லையென்றால் திரும்பிப் போ' என்கிறார் அவர்.

ஷின்ஜி ஓட்டும் ரோபோவின் பெயர் ஈவா. அதன் முதுகில் ஒரு மின்கம்பி உண்டு. அது கழன்றால் உள்ளே இருக்கும் பேட்டரி அதிகபட்சம் 5 நிமிடம் தாங்கும். முதல் தடவை அதைச் சண்டையில் பரபரப்பு ஏற்றும் உத்தி என்றுதான் நினைத்தேன். ஷின்ஜியின் அம்மா அந்த ஈவாவுக்குள்தான் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, அந்தக் கம்பியைத் தொப்புள்கொடியாகத்தான் பார்க்க முடிகிறது.

இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொண்டது ஒலி. கதைப்படி ஒரு பேரழிவில் பூமியின் அச்சு சாய்ந்து, ஜப்பானில் எந்நேரமும் கோடைதான். அதனால் ஆள் இல்லாத தெருவிலும் சில்வண்டுச் சத்தம் ஓயாது. 22-ஆம் எபிசோடில், ஷின்ஜியைப் போலவே ஈவா ஓட்டும் பெண்களான ரெய்யும் அசுகாவும் ஒரே லிஃப்டில் போகிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் படம் அசைவதில்லை, இருவரும் பேசுவதும் இல்லை. லிஃப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

சிலுவை, மரம், தேவதைப் பெயர்கள் ஆகிய மதக் குறியீடுகளுக்குப் பொருள் தேடுவதை நான் விட்டுவிட்டேன். மற்ற ரோபோ தொடர்களிலிருந்து தனித்துத் தெரியத்தான் அவற்றைச் சேர்த்தோம் என்று துணை இயக்குநர் ட்சுருமாகியே சொல்லியிருக்கிறார்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். அது அசுகாவைப் பற்றியது. கல்லூரியில் அவளைத் திமிர் பிடித்தவள் என்று ஒதுக்கினேன். அம்மா மனம் பிறழ்ந்து, ஒரு பொம்மையைத் தன் மகளாக எண்ணிக் கொஞ்சியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். தன்னை யாராவது பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே தவிப்பு. இதை இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த தொடர், அவளுடைய 14 வயது உடம்பைக் காட்டும் விதம் என்னைக் கூச வைக்கிறது. ரெய்க்கும் இதே கதிதான். பல எபிசோடுகளின் முடிவில், அடுத்த வாரக் காட்சிகளோடு, ஷின்ஜியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி மிசாடோவின் குரல் 'சாபிசு, சாபிசு' ('சர்வீஸ்', அதாவது ரசிகர்களுக்கான கவர்ச்சி விருந்து) என்று உற்சாகமாக இதற்கு ஆசை காட்டும். அந்தக் காலத்து வழக்கம் என்று இரண்டாவது தடவை சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தத் தடவை என்னால் முடியவில்லை.

கடைசி இரண்டு எபிசோடுகளைப் பார்த்து முன்பு ஏமாந்து போனேன். போர் என்ன ஆனது என்று சொல்லாமல், கோட்டோவியங்களும் நிழற்படங்களும் கேள்விகளுமாக ஷின்ஜியின் மனசுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே நடந்ததை அறிய 1997-இல் வந்த திரைப்படத்தைப் பார்க்க வேண்டும். இப்போது எனக்கு இந்தத் தொலைக்காட்சி முடிவுதான் நெருக்கம். 'நான் இங்கே இருக்கலாம்' என்று அந்தப் பையன் கண்டுகொள்ளும்போது இந்தத் தடவையும் அழுதேன்.

எல்லோரும் அவனைச் சுற்றி நின்று கைதட்டி, ஒவ்வொருவராக வாழ்த்துகிறார்கள். அந்த வட்டத்தில் அசுகாவும் நிற்கிறாள். 25-ஆம் எபிசோடில் அவள் மனசுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்கள். ஆனால் வாழ்த்து அவனுக்கு மட்டும்தான். படத்தை நிறுத்தி, கைதட்டும் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.