மதுரை வீட்டுக்கு எந்த ரேடியோ? பண்பலை, ஃப்ரீ டிஷ், ஆப், டிஆர்எம்: ஓர் ஒப்பீடு

மதுரையில் வீட்டில் உட்கார்ந்து நல்ல ஒலியில் வானொலி கேட்க இன்று நாலு வழி இருக்கிறது. பழைய பண்பலை ட்யூனர், டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி, கைபேசி ஆப், டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் ரேடியோ. இதில் முதலாவது மட்டும்தான் அனலாக், மற்ற மூன்றும் டிஜிட்டல். அதனால் அவைதான் உயர்ந்தவை என்று நினைத்துக் காசு போடுகிறவர்கள் நிறைய. என் முடிவு வேறு. மொட்டை மாடியில் ஒழுங்கான ஆண்டெனா போட்ட பண்பலை ட்யூனர்தான் ஒலித் தரத்தில் முதலிடம். இரண்டாவது ஃப்ரீ டிஷ். ஆப் மூன்றாவது. டிஆர்எம் செட்டை மதுரையில் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

எதை வைத்து இப்படிச் சொல்கிறேன்? நாகஸ்வரத்தை வைத்துத்தான். பேச்சையும் சினிமாப் பாட்டையும் வைத்து ரேடியோவைச் சோதித்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். நாகஸ்வரக் கச்சேரி அப்படி ஏமாற்றாது. தவிலின் வலந்தலையில் விரல் கூடுகள் விழும் அடி ஒவ்வொன்றும் ஊசி முனை போலக் கூர்மையானது. கூடவே விடாமல் தாளம் போடும் ஜால்ரா. அதன் மணியோசை மிக உயர்ந்த அதிர்வெண் வரை போகும். பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தகவலின் அளவு, குறைந்த டிஜிட்டல் ஒலிபரப்பு முதலில் கைவிடுவது இந்த இரண்டையும்தான். தவில் அடியின் முனை மழுங்கி, அடிக்கு முன்னாலேயே லேசாக ஓர் இரைச்சல் கேட்கும். ஜால்ராவின் ஒலி மெல்லத் தேய்ந்து அடங்காமல் ‘ஷ்ஷ்’ என்று ஒரே சீராக வந்து பொட்டென்று நிற்கும். ஒருமுறை இதைக் காது பிடித்துவிட்டால் அப்புறம் எந்த செட்டையும் பத்து நிமிடத்தில் எடை போட்டுவிடலாம்.

பண்பலையில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். அதற்கு மேல் 19-இல் ஸ்டீரியோ வருகிறது என்று ட்யூனருக்கு அடையாளம் காட்டும் பைலட் ஒலி இருப்பதால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு, அதுவும் நாற்பது தாண்டியவர்களுக்கு, 15 போதும். மத்திய அலையில் சுமார் 4.5 கிலோஹெர்ட்ஸ்தான். மதுரை வானொலியை மத்திய அலை 1269 கிலோஹெர்ட்ஸில் கேட்டுப் பழகியவர்கள் அதே நிலையத்தை 103.3 பண்பலையில் கேட்டால் பாடகரின் மூச்சுகூடக் கேட்கும்.

இங்கே நமக்குக் கிடைத்த பெரிய வசதி கொடைக்கானல். 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கொடை பண்பலை 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலையிலிருந்து ஒலிபரப்பாகிறது. மதுரைக்கும் கொடைக்கும் நேர்கோட்டில் 75 கிலோமீட்டர்தான் இருக்கும். தூர்தர்ஷன் காலத்தில் வீட்டுக்கு வீடு உயரக் கம்பம் நட்டு, யாகி ஆண்டெனாவைக் கொடை டவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஊர் இது. அந்த வித்தை ரேடியோவுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் யாரும் செய்வதில்லை. ரேடியோ என்றால் அலமாரியில் வைத்து, கூடவே வந்த ஒற்றை வயரைப் பின்னால் தொங்கவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறோம். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி வலை போல இரும்பு ஓடும் வீட்டில், ஒற்றை வயருக்கு என்ன சிக்னல் கிடைக்கும்?

ஸ்டீரியோவைச் சுத்தமாகக் கேட்க மோனோவை விடப் பல மடங்கு வலுவான சிக்னல் வேண்டும். எஃப்எம் என்றாலே இரைச்சல் என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். ட்யூனர் ஸ்டீரியோ விளக்கைப் போட்டுவிடுகிறது, சிக்னலோ அதற்குப் போதவில்லை. இதற்கு மருந்து எளிது. மொத்தம் ஒன்றரை மீட்டர் நீளத்தில், பக்கத்துக்கு 75 சென்டிமீட்டராக இரண்டு அலுமினியக் குழாய் வைத்த டைபோல் போதும். கேபிள் டிவிக்குப் போடும் அதே 75 ஓம் வயரை அதிலிருந்து ட்யூனருக்கு இறக்க வேண்டும். குழாய்கள் தெற்கு வடக்காக நீண்டிருந்தால் ஆண்டெனாவின் முகம் மேற்கே கொடையைப் பார்க்கும். நாகமலை அடிவாரம் போல மேற்கே மலை மறைக்கும் இடங்களில் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் நல்ல இடத்தைப் பிடிக்க வேண்டும். கோடை இடி நேரத்தில் வயரைக் கழற்றி வைப்பது அவசியம்.

சரி, ட்யூனர் எது? புதிதாகத் தேட வேண்டிய அவசியமே பலருக்கு இருக்காது. டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் பழைய ஹோம் தியேட்டர் அல்லது ஏவி ரிசீவரின் பின்பக்கம் ‘எஃப்எம்’ என்று ஒரு சாக்கெட் இருக்கும். சோனி, யமஹா, ஆன்கியோ போன்றவற்றின் ரிசீவர்களில் உள்ள ட்யூனர், கடையில் புதிதாகக் கிடைக்கும் யூஎஸ்பி-ப்ளூடூத் ரேடியோக்களை விட எவ்வளவோ மேல். அது இல்லாதவர்களுக்கு டெக்சன் பிஎல்-310ஈடி, பிஎல்-380 மாதிரியான, சிக்னலைச் சிப்பில் டிஜிட்டலாகப் பிரித்தெடுக்கும் டிஎஸ்பி செட்டுகளைச் சொல்வேன். சிறிய பெட்டிதான், ஆனால் பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளை அழகாகப் பிரிக்கும். ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் போட்டால் நல்ல ட்யூனர் ஆகிவிடும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் செட்டில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்காவுக்குச் செய்த செட் பலவற்றில் பண்பலை எண் ஒற்றைப்படைத் தசமத்தில்தான் நிற்கும். 93.5 கிடைக்கும், 106.4 கிடைக்காது. மத்திய அலையிலும் 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவுவதால் 1269-இல் சரியாக உட்காராது. போதாக்குறைக்கு, அங்கே ஒலியைச் சீர்செய்யும் அளவும் வேறு. நம்மூரில் 50 மைக்ரோ வினாடி, அங்கே 75. அதனால் அந்த செட்டில் நம் நிலையங்கள் கொஞ்சம் மந்தமாக, கம்பளி போர்த்தியது மாதிரி கேட்கும். லண்டனிலிருந்து வரும் டிஏபி (அங்குள்ள டிஜிட்டல் வானொலி முறை) ரேடியோவில் டிஏபி பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் இங்கே ஒன்றும் வராது. அந்த முறையில் இங்கே ஒலிபரப்பு கிடையாது.

பண்பலையின் குறையையும் சொல்ல வேண்டும். தனியார் நிலையங்கள் ஒலியை அமுக்கிப் பிழிந்து, எல்லாப் பாட்டையும் ஒரே உரப்பில் அனுப்புகின்றன. காரில் அது வசதி. வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் அரை மணி நேரத்தில் காது சலித்துவிடும். அங்கே ட்யூனரை மாற்றிப் பயனில்லை, நிலையத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது ஃப்ரீ டிஷ். இதை ரேடியோவாக யாரும் நினைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். மாதச் சந்தா இல்லாத இந்த டிஷ்ஷில் டிவி சேனல்களோடு ஆகாசவாணியின் சேனல்களும் வரிசையாக இருக்கின்றன. 2016 ஜனவரி 26-இல் தொடங்கிய 24 மணி நேர சாஸ்திரிய சங்கீதச் சேனலான ராகமும் அதில் சேர்த்தி. பெட்டியின் பின்னால் உள்ள வெள்ளை, சிவப்பு ஆர்சிஏ துளைகளிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேராக வயர் கொடுங்கள். சேனலை ஒருமுறை வைத்துவிட்டால் டிவியை அணைத்துவிடலாம். இரைச்சல் துளியும் இல்லை. தம்புராவின் அடிநாதம் இவ்வளவு அமைதியான பின்னணியில் பண்பலையில்கூடக் கேட்காது. ஆனால் ஜால்ரா சோதனையில் நல்ல பண்பலை சிக்னல் கொஞ்சம் முந்துகிறது. அப்புறம், ஐப்பசி அடைமழையில் வானம் இருண்டு கொட்டும்போது சிக்னல் அறுந்து, மழை விட்டதும்தான் திரும்பி வரும். உள்ளூர் பண்பலைக்கு அந்தக் கவலை இல்லை.

ஆப் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் நாடு முழுவதிலுமுள்ள நிலையங்கள் கிடைக்கின்றன. திருநெல்வேலி, திருச்சி எல்லாம் மதுரையில் உட்கார்ந்து தெளிவாகக் கேட்கலாம் என்பது முன்பு நினைத்துப் பார்க்க முடியாத வசதி. டேட்டாவும் பெரிதாகச் செலவாகாது. நொடிக்கு 64 கிலோபிட் ஓடையைக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பிக்கும் குறைவு. தரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ப்ளூடூத் ஸ்பீக்கர்தான். ஏற்கெனவே சுருக்கிய ஒலியை அது இன்னொரு முறை சுருக்குகிறது. கைபேசியிலிருந்து ஆக்ஸ் வயர் போட்டால் அதே நிலையம் அடையாளம் தெரியாத அளவுக்கு மேம்படும்.

ஆப்பால் முடியாத காரியம் ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரடி வர்ணனையை ஆற்றங்கரையில் நின்றுகொண்டு ஆப்பில் கேட்டுப் பாருங்கள். தங்கக் குதிரை கண்ணெதிரே இறங்கியிருக்கும், காதில் வர்ணனையாளர் இன்னும் வழி விடச் சொல்லிக்கொண்டிருப்பார். அதுவும் நெட்வொர்க் கிடைத்தால்தான். லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே இடத்தில் குவியும்போது டேட்டா நகராது. பண்பலைக்கு ஒருவர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒன்றுதான். கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி டிஆர்எம். ஆகாசவாணி பல நகரங்களின் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை இந்த முறைக்கு மாற்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை அதில் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் இந்த வசதி சேர்ந்தே வருகிறது. மத்திய அலையின் கொரகொரப்பு போய் அமைதியான பின்னணியில் குரல் கேட்பது உண்மையிலேயே முன்னேற்றம். செய்தி, உரை, நாடகம் கேட்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரே 10 கிலோஹெர்ட்ஸ் இடத்தில் அடைப்பதால் கிடைப்பது நொடிக்கு ஏறக்குறைய 20 கிலோபிட்தான். எவ்வளவு கெட்டிக்காரக் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) போட்டாலும் இந்த அளவில் ஜால்ரா தப்பாது. மேலும், சிக்னல் குறைந்தால் அனலாக் போல இரைச்சலோடாவது தொடராது, ஒரேயடியாக மௌனமாகிவிடும். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் மத்திய அலையில் குப்பை கொட்டும் இன்றைய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஆவியன், காஸ்பெல் போன்ற சில செட்டுகளே இருக்கின்றன, விலையும் சாதாரண ரேடியோவைப் போலப் பல மடங்கு.

செயற்கைக்கோள் வானொலியான வேர்ல்ட்ஸ்பேஸ் கதையும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. சந்தா கட்டி, ஜன்னலில் குட்டி ஆண்டெனா வைத்து, அதன் தமிழ்ச் சேனலான கேஎல் ரேடியோவை ஆசையாகக் கேட்டவர்கள் மதுரையில் ஏராளம். 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் அது நின்றபோது அந்தப் பெட்டிகளால் வேறு எதையும் பிடிக்க முடியவில்லை. டிஆர்எம் அப்படிப் போகும் என்று நான் சொல்லவில்லை. அது திறந்த தரம், அரசு நிலையமே நடத்துகிறது. ஆனால் பண்பலை அலைவரிசையில் டிஜிட்டல் கொண்டுவருவது பற்றி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் வெளியிட்ட ஆலோசனை அறிக்கை பேசியது 13 பெருநகரங்களைப் பற்றித்தான். தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது சென்னை மட்டும். மதுரைக்கு எந்த முறை, எப்போது வரும் என்பது முடிவாகும் முன் செட் வாங்குவது அவசரம்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், கடையில் வைத்துக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் வீட்டு ஹாலில், ராத்திரி எட்டு மணிக்கு, விளக்கும் ஃபேனும் ஓடும்போது ஒரு மணி நேரம் அறுபடாமல் பாடினால் மட்டும் பணம் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கும் உத்தரவாதம் இல்லாத கடையில் வேண்டாம். அந்தத் தொகையில் பாதிக்குள்ளேயே மாடியில் டைபோல், நல்ல கேபிள், ஒரு செகண்ட் ஹேண்ட் ரிசீவர், ஒரு ஃப்ரீ டிஷ் பெட்டி எல்லாம் முடிந்துவிடும்.