கோழிச்சீக்கு: சொட்டு மருந்தா, றெக்கை ஊசியா, கீழாநெல்லியா?

போன சித்திரையில எங்ககிட்ட சின்னதும் பெருசுமா 34 உருப்படி இருந்துச்சு, பத்தே நாள்ல 9 தான் மிச்சம். முதல் நாள் ஒரு சேவல் றெக்கையத் தொங்கப்போட்டு தூங்கிக்கிட்டே நின்னுச்சு, வெயிலுக்குத்தான்னு விட்டுட்டேன், மறுநாள் காலைல பஞ்சாரத்தத் தூக்குனா ரெண்டு செத்துக் கிடக்கு. அப்புறம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லிய அரைச்சுக் குடுன்னாங்க, மருந்துக் கடையில மஞ்சக் கலர்ல ஒரு மருந்துப் பொடி குடுத்து தண்ணில கலந்து வைக்கச் சொன்னாங்க, மாமா "இருக்கறத சந்தைக்குக் கொண்டுபோயி தள்ளிவிட்ரு மாப்ள"ன்னாரு. சந்தைய தவிர எல்லாத்தையும் செஞ்சு பாத்தேன், அதனால எது எதுக்கு ஆகும் எது ஆகாதுன்னு இப்ப கொஞ்சம் சொல்ல முடியும்.

முதல்ல ஒண்ணு. பீச்சல் வெள்ளையா இருந்தாலே வெள்ளைக்கழிச்சல்னு முடிவு கட்டிராதீங்க. எந்தக் கோழியும் ரெண்டு நாள் தீனி எடுக்காம இருந்தா வெள்ளையும் பச்சையுமாத்தான் கழியும், பித்தமும் உப்பும் மட்டும்தானே வெளிய வருது. நிஜ வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட், வேற மாதிரி இருக்கும்: வாயத் தொறந்து மூச்சு வாங்கும், கொர்ருனு சத்தம், பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், நாலஞ்சு நாள் தாங்குனதுக்கு காலு இழுத்துக்கும், கழுத்து திருகிக்கும், குஞ்சு பெருசு பாக்காம வரிசையா விழும். அதே நேரத்துல பெரிய கோழி மட்டும் நேத்து நல்லா மேஞ்சுட்டு இன்னைக்கு கொண்டை நீலம் பாரிச்சு செத்துக் கிடந்தா அது கோழிக் காலராவா இருக்கலாம், அது பாக்டீரியா, அதுக்கு ஆன்டிபயாட்டிக் கேக்கும். மூணு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசம் வரைக்கும் உள்ள குஞ்சுங்க மட்டும் குறுகி உக்காந்து ரத்தமா கழிஞ்சா அது ரத்தக்கழிச்சல், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி வேலை. இந்த மூணுக்கும் ஒரே மஞ்சப் பொடிய குடுக்கறதுதான் ஊர் வழக்கம், நானும் அதத்தான் செஞ்சேன்.

சந்தேகமா இருந்தா செத்த கோழிய ரெண்டு கவர்ல போட்டு கட்டி கால்நடை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருங்க, அறுத்துப் பாத்தே பெரும்பாலும் சொல்லிருவாங்க. ராணிக்கெட்னா இரைப்பை உள்பக்கம் ஊசிக் குத்துன மாதிரி சிவப்பு புள்ளி இருக்கும், காலரான்னா ஈரல்ல வெள்ளைப் புள்ளி, ரத்தக்கழிச்சல்னா குடல்வால் ரெண்டும் ரத்தம் கட்டி வீங்கியிருக்கும். நீங்களா வீட்ல அறுக்காதீங்க, ஒரே ராத்திரில கூட்டமா செத்து மூஞ்சி வீங்கியிருந்தா தொடவே வேணாம், பறவைக் காய்ச்சலாக்கூட இருக்கலாம், உடனே தகவல் சொல்லிருங்க.

சரி, ராணிக்கெட்டுக்கு வருவோம், இதுலதான் சண்டையே. 1926ல இங்கிலாந்துல நியூகாசில்ங்கற ஊர்ல பாத்ததால வெளிநாட்டுல அந்தப் பேரு, நம்ம நாட்டுல இமயமலைப் பக்கம் இருக்கற ராணிக்கெட் ஊர்ல பாத்ததால இந்தப் பேரு. வைரஸ். வந்ததுக்கப்புறம் மருந்து கிடையாது, இத மனசுல வாங்கிட்டாலே பாதி காசு மிச்சம்.

வராம தடுக்க மூணு வழி இருக்கு. கண்ணுலயோ மூக்குலயோ விடற சொட்டு, தண்ணில கலந்து குடுக்கறது, றெக்கைக்கு அடியில தோல்ல போடற ஊசி. குஞ்சுக்கு அஞ்சுலேர்ந்து ஏழு நாளைக்குள்ள எஃப்1 இல்லன்னா லசோட்டா (ரெண்டும் சொட்டு மருந்தோட பேரு) ஒரு சொட்டு, நாலாவது வாரம் வாக்குல திரும்ப லசோட்டா, ரெண்டு மாசம் ஆனதும் ஆர்2பிங்கற றெக்கை ஊசி அரை மில்லி. சொட்டுக்கும் ஊசிக்கும் எது நல்லதுன்னு கேக்கறவங்க நிறைய பேரு, ஆனா அது ரெண்டும் போட்டியே இல்ல, சொட்டு பலம் கம்மியான வைரஸ், சின்னதுக்கு தாங்கும், ஆனா பாதுகாப்பு சீக்கிரம் குறைஞ்சுரும், ஆர்2பி பலமானது, ரொம்ப நாள் நிக்கும், ஆனா ஆறு வாரத்துக்கு கீழ உள்ள குஞ்சுக்கு போட்டா அந்த ஊசியே சீக்காயிரும். முட்டை விட்டுட்டு இருக்கற பொட்டைக்கு போட்டா கொஞ்ச நாளைக்கு முட்டை குறையும், அதுக்கு பயந்து போடாம விட்டவங்கள எனக்குத் தெரியும் (நான்தான்).

நிஜமான போட்டி சொட்டுக்கும் தண்ணிக்கும்தான். தண்ணில கலக்கறது சுகமா தெரியும், ஒவ்வொண்ணா புடிக்க வேணாம். ஆனா முப்பது கோழி வச்சிருக்கற நமக்கு அது ஆகாதுன்னுதான் சொல்லுவேன். ரெண்டு மணி நேரம் தாகமா போடணும், குழாய்த் தண்ணில குளோரின் இருந்தா மருந்து செத்துரும், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்குன பால் பவுடர் போட்டு கலக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள காலியாகணும், இத்தனையும் சரியா செஞ்சாலும் பெரிய சேவல் முண்டியடிச்சு குடிச்சுரும், நோஞ்சான் ஓரமா நிக்கும், அப்புறம் சீக்கு வந்தா அந்த நோஞ்சான்லேர்ந்துதான் ஆரம்பிக்கும். பண்ணைல ஆயிரக்கணக்குல இருந்தா வேற வழியில்ல, வீட்ல சாயங்காலம் கோழி அடையறப்ப புடிச்சு ஒரு சொட்டு விட்டு அது உள்ள இழுக்கற வரைக்கும் புடிச்சிருந்தா போதும், அரை மணி நேர வேலை. கைய கழுவாம கண்ணத் தேய்க்காதீங்க, மனுஷனுக்கு கண்ணு சிவந்து உறுத்தும். மரத்துல ஏறிப் படுக்கற கோழி வச்சிருக்கவங்களுக்குன்னு தீனியா குடுக்கற தடுப்பு மருந்தும் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தயாரிச்சிருக்கு, கிடைச்சா கேட்டுப் பாருங்க.

இன்னொரு தலைவலி, மருந்து பாட்டில் 100 டோஸ்ல வருது, நம்மகிட்ட இருக்கறது முப்பது கோழி. கலக்குனா ரெண்டு மணி நேரத்துல முடிக்கணும், மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்கு போடற கதையெல்லாம் நடக்காது. அதனால தெருவுல நாலு வீடு சேந்து ஒரே நாள்ல போடுங்க, செலவும் பிரியும். கடையிலேர்ந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்ல வரணும், 2லேர்ந்து 8 டிகிரி. பைக் டேங்க் கவர்ல வச்சு வெயில்ல கொண்டு வந்த மருந்த போட்டுட்டு "தடுப்பூசி போட்டும் செத்துருச்சு"ன்னு சொல்றவங்கதான் பாதிப் பேரு. இதெல்லாம் முடியலன்னா பிப்ரவரில அரசு நடத்தற கோழிக்கழிச்சல் (ராணிக்கெட்தான்) தடுப்பூசி இருவார முகாமுக்கு தூக்கிட்டுப் போங்க, இலவசம், ராணிப்பேட்டையில இருக்கற அரசு கால்நடைத் தடுப்பு மருந்து நிலையத்துலயே தயாராகற மருந்து. கோடைக்கு முன்னாடி போடறதுதான் கணக்கு. சீக்கு விழுந்த கோழிக்கு ஊசியே போடாதீங்க.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு அரைச்சுக் குடுக்கறத நான் கேலி பண்ணல. நோஞ்சிக் கிடக்கற கோழி தீனி எடுக்க அது உதவலாம், எங்க ஒம்போதுல ரெண்டு அதக் குடிச்ச கோழிதான், ஆனா செத்த 25ல பதினஞ்சும் அதக் குடிச்சதுதான். ஊசிக்கு பதில்னு நினைச்சா போச்சு.

ஆனா அம்மைக்கு நான் நாட்டு வைத்தியம் பக்கம். கொண்டையில கண்ணோரத்துல பருக்கள் வந்து கருத்து காயுமே, அது கொசு பரப்பறது, மழைக்காலத்துல வரும், வாய்க்குள்ள வெள்ளையா படலம் கட்டாத வரைக்கும் மூணு நாலு வாரத்துல தானா உதிர்ந்துரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு எண்ணெய்ல குழைச்சு தடவுனா ஈ மொய்க்காது, புண்ணு காயும், அவ்வளவுதான் தேவை. கண்ணு ஒட்டிக்கிட்டா கோழி பட்டினியிலயே செத்துரும், அதனால வெதுவெதுப்பான தண்ணில கண்ணத் தொடச்சு கையால ஊட்டுங்க. பொருக்கப் பிய்க்காதீங்க. தடுப்பூசி இருக்கு, கொசு அதிகம் உள்ள ஊர்னா போட்டுக்கலாம்.

ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் மருந்தா, காஞ்ச தரையா? ரெண்டுல ஒண்ணுதான்னா நான் தரையத்தான் எடுப்பேன். ஆம்ப்ரோலியம் நல்லா கேக்கும், டாக்டர் சொல்ற அளவுல தண்ணில அஞ்சாறு நாள் குடுத்தா குஞ்சு பொழைச்சுக்கும், ஆனா கூடவே சத்துக்குன்னு பி காம்ப்ளெக்ஸ் கலக்கறாங்க பாருங்க, அங்கதான் தப்பு, அந்த மருந்து வேலை செய்யறதே பி1 வைட்டமின் மாதிரி வேஷம் போட்டு ஒட்டுண்ணிய ஏமாத்தித்தான். நீங்க நிஜ பி1ஐ ஊத்துனா மருந்து வீண். மருந்த முடிச்சுட்டு சத்து குடுங்க. அதுவும் தரையில பரப்புன உமி ஈரமாவே கிடந்தா அடுத்த பேட்ச் குஞ்சுக்கு திரும்ப வரும், பினாயில் போட்டாலும் அந்த ஒட்டுண்ணியோட முட்டைங்க சாகாது. தண்ணித் தட்ட செங்கல் மேல தூக்கி வைக்கறது, உமிய தினம் கிளறி விடறது, சுண்ணாம்பு தூவறது, பெரிய கோழியோட குஞ்ச சேக்காம இருக்கறது, இதுக்கு செலவே இல்ல.

மாமா சொன்ன சந்தை யோசனை இருக்கே, ஒரு ஊர் சீக்கு அடுத்த ஊருக்குப் போறதே அப்படித்தான். எங்க வீட்டுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன், முதல்ல றெக்கையத் தொங்கப்போட்ட அந்தச் சேவல் அதுக்கு முந்தின வாரம் சந்தையில வாங்குனது, வந்த அன்னைக்கே மத்ததோட அவுத்து விட்டேன். இப்ப புதுசா எது வந்தாலும் மூணு வாரம் பின்பக்கம் தனி கூண்டு, தனி தட்டு, அதுக்கு தீனி வச்சதுக்கப்புறம்தான் கைகால் கழுவிட்டு மத்தது பக்கம் போறது. செத்தத குப்பைமேட்டுல எறியறது இல்ல, ஆழமா குழி, சுண்ணாம்பு, மேல கல்லு, இல்லன்னா நாயி தோண்டிரும். கழுத்து திருகுன ஒரு பொட்டை இன்னும் உயிரோட இருக்கு, தலைய ஒருச்சாய்ச்சு வச்சுக்கிட்டுதான் தீனி பொறுக்கும், நாலு கொத்துல ஒண்ணுதான் தானியத்துல படும், ஆனா முட்டை விடுது.