மருதமுனைக் கைத்தறிக் கடையில் வாங்கிய இரண்டு சாறன்களும் ஒரு கட்டில் விரிப்பும்

களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்குப் போகும் பேருந்து பெரியநீலாவணையைத் தாண்டியதும் மருதமுனை வந்துவிடும். பிரதான வீதியில் கைத்தறித் துணிக்கடைகள் பல இருந்தாலும், நான் ஐந்தாறு ஆண்டுகளாகப் போய்வருவது, உள்வீதியொன்றில் வீட்டு முன்னறையைக் கடையாக்கிப் பின்வளவில் தறிக்கொட்டிலும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தாரிடம்தான். சென்ற மாதம் அங்கே இரண்டு சாறன்களும் ஒரு கட்டில் விரிப்பும் வாங்கினேன். சாறன்களைத் தயங்காமல் வாங்கலாம். விரிப்பைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு.

சாறன்களில் ஒன்று நீலக் கட்டம், மற்றது அரக்குச் சிவப்பு. புதிதில் கஞ்சி முறுகலாக இருந்து, மூன்றாவது தடவை கழுவிய பிறகுதான் இடுப்பில் வழுக்காமல் இழைந்து நிற்கத் தொடங்கின. அரக்குச் சிவப்பு முதல் வாளித் தண்ணீரில் சற்றே சாயம் விட்டது. இரண்டாவது தடவையில் அதுவும் நின்றுவிட்டது. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், குறுக்கே ஓடும் ஊடை நூல் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கத்தில் இல்லாமல், ஓரிடத்தில் குறுக்காக மெல்லிய கோடொன்று தெரிகிறது. நெய்தவர் அந்த இடத்தில் தறியை விட்டு எழுந்துபோய், திரும்பி வந்து தொடர்ந்திருக்க வேண்டும். குறை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறது.

விலை ஒன்று 2,400 ரூபா. இதே கடையில் 2019இல் இதே தரத்துச் சாறனை 1,000 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறேன். கல்முனைச் சந்தையில் வெளிநாட்டு விசைத்தறிச் சாறன் இதன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று நான் சொன்னபோது, கடைக்காரக் காக்கா கோபிக்கவில்லை. “நூல் இந்தியாவில இருந்து வருது தம்பி, சாயமும் வெளியிலதான். டொலர் கூடினா சாறனும் கூடத்தான் செய்யும்” என்றார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவரை போனதை நாங்கள் பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்று அறிந்தோம். அவர்கள் நூல் கட்டின் விலையில் அறிந்திருக்கிறார்கள். பிறகு டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியும் சாறனின் விலை இறங்கவில்லை. நெய்கூலியும் மின்கட்டணமும் அதற்குள் ஏறிவிட்டன என்பது அவர் சொன்ன காரணம். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. 2019இல் டொலர் 180 ரூபா அளவில் இருந்ததால் அன்றைய 1,000 ரூபாச் சாறன் ஐந்தரை அமெரிக்க டொலர். இன்றைய 2,400 ரூபாச் சாறன் எட்டு டொலர். ரூபாவில் சம்பளம் வாங்கும் எனக்கு விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. டொலரில் உழைப்பவருக்கு ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. கடையின் நல்ல வாடிக்கையாளர்கள் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பதற்கு இது போதும். புதிய சேலை தறியிலிருந்து இறங்கியதும் அதன் படம் வட்சப்பில் அங்கே போய்விடுகிறது. நேரில் போகிறவருக்கு எஞ்சியதுதான் மிச்சம். நான் கேட்ட மாம்பழ நிறச் சேலை அப்படித்தான் கைநழுவியது. வியாபாரத்தில் இது பிழையில்லை என்றாலும், பேருந்தேறி வந்தவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது.

கேட்டால் தறிக்கொட்டிலையும் காட்டுவார்கள். மூன்று தறிகளில் ஒன்றுதான் ஓடியது. மற்ற இரண்டும் உரச்சாக்கு விரித்து மூடப்பட்டிருந்தன. நெய்துகொண்டிருந்த பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததையும், 2004இல் கடல் வந்து தறிகளை அள்ளிப் போனதையும் தாண்டி நெய்தவர், மகன்மார் இருவரும் கட்டாருக்குப் போனதைத்தான் அதிக நேரம் பேசினார். 2022இல் மட்டும் நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவருடைய இளையவரும் அந்த ஆண்டில் போனவர்தான். மகன் அனுப்பும் காசில் வீட்டுக்கு மேல்மாடி எழும்புகிறது. தறியில் உட்கார்ந்து நாடா எறிய ஆளில்லை.

இனி விரிப்பு. 4,500 ரூபா கொடுத்து, கைத்தறி என்ற சொல்லை நம்பி வாங்கினேன். நூல் முழுவதும் ஒரே சீராக இருந்ததோடு, மடிப்பின் உள்ளே ஒட்டுத்தாள் உரித்த பசையும் கையில் பட்டது. வட்சப்பில் கேட்டபோது, விரிப்புகளை வெளியிலிருந்து எடுத்து விற்பதாக ஒப்புக்கொண்டார்கள். மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். போய்வந்த பேருந்துக் காசு என்னுடையது. வாங்கும்போதே சொல்லியிருந்தால் நான் விரிப்பை வாங்கியிருக்கமாட்டேன், மனத்தாங்கலும் வந்திராது. தங்கள் தறியில் நெய்ததையும் வெளியில் எடுத்ததையும் தனித்தனித் தட்டில் வைப்பது பெரிய வேலையல்ல.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடை பூட்டியிருக்கும். காலையில் போவது நல்லது. விரிப்புக்கு மாற்றாகப் பச்சைக் கட்டச் சாறன்கள் இரண்டு கேட்டிருக்கிறேன். தறிக்கு நீளவாட்டு நூலான பாவு ஓட இன்னும் இரண்டு வாரமாகும் என்கிறார்கள், பெரியவருக்கு முழங்கால் வலியாம்.