கடலூர் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் எந்த ஷேவிங் கிரீம் தாங்கும்?

வீட்டில் செய்யும் இயற்கை ஷேவிங் கிரீம் என்றதும் பலரும் சொல்வது ஷியா பட்டரும் தேங்காய் எண்ணெயும் சம அளவு உருக்கி, குளிரவைத்து, வெண்ணெய் மாதிரி அடித்தெடுக்கும் முறையைத்தான். நானும் அதில்தான் தொடங்கினேன், அதுவும் சித்திரை மாதத்தில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். ஷியா பட்டர் 35 டிகிரி வாக்கில் இளகும். காலையில் பஞ்சு போல இருந்தது மதியம் டப்பாவின் அடியில் எண்ணெயாகக் கிடந்தது. மார்கழியில் செய்தபோதுதான் நின்றது.

உருகுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முடியை மிருதுவாக்குவது எண்ணெய் அல்ல, தண்ணீர். மஞ்சக்குப்பத்தில் நான் போகும் சலூன் அண்ணன், "முடி ஊறணும் தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடி, காய்ந்த முடியைவிட லேசாக அறுபடும். கிரீமின் வேலை அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிப் போக இடம் கொடுப்பதும். காய்ந்த முகத்தில் வெறும் கொழுப்பைப் பூசினால் முடிக்குள் தண்ணீர் இறங்காது. மூன்று பிளேடு ரேசரின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும், குழாயடியில் எவ்வளவு அலசினாலும் போகாது. இதில் ஆப்ப சோடா சேர்க்கச் சொல்கிற குறிப்புகளும் உண்டு. தோல் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, சோடா காரம். சிரைத்த தோலில் அது எரியும், சேர்க்காதீர்கள்.

அடுத்து பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, விதை நீக்கி, இரவு ஊறவைத்து, கொதிக்கவிட்டுக் கடைந்தால் நுரை வரும். உப்புத் தண்ணீரிலும் வரும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் அந்த நுரை பாதி முகம் முடிப்பதற்குள் அடங்கிவிடுகிறது, வழுக்கலும் போதாது. கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். தலைக்குத் தேய்க்க நல்லது, தாடிக்கு வேண்டாம்.

மிச்சம் இரண்டு. என் மனம் நிற்பது இவற்றில்தான்.

சோற்றுக்கற்றாழையை வெட்டியதும் கால் மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும், அது முழுதும் போகவேண்டும். பிறகு தோலைச் சீவி உள்ளிருக்கும் சோற்றைக் கழுவி, அரைத்து, வடிகட்டி, நாலு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் செக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு அடித்தால் போதும். இதில் ஈரம் உண்டு, வழுக்கலும் உண்டு. நுரையே வராததால் தோல் தெளிவாகத் தெரியும். மீசை ஓரத்தையும் கிருதாவையும் கோடு பிடித்து எடுக்க இதைவிட வசதி கிடையாது. ஃபிரிட்ஜில் ஐந்தாறு நாள்தான், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் கெடாது என்பார்கள். அந்தச் சாறு முகத்தில் இருக்க வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுக்கும்.

ஐந்து நாள் தாடி என்றால் கற்றாழை திணறும். அதற்கு சோப்புக் குழம்பு. தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உவர். சாதாரண சோப்பு அதில் நுரைக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்துபோகும். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு விதிவிலக்கு, கடல் தண்ணீரிலும் நுரைக்கும். கப்பலில் போகிறவர்களுக்கென்றே அந்தச் சோப்பைச் செய்தார்கள். கையால் செய்த கட்டி புதுச்சேரி கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அதில் 25 கிராம் துருவி, 100 மில்லி சுடுநீரில் கரைத்து, ஒரு ஸ்பூன் கிளிசரின், அரை ஸ்பூன் விளக்கெண்ணெய் கலந்து ஆறவிட்டால் கொழகொழவென்று வரும். விளக்கெண்ணெய் கூடினால் நுரை படுத்துவிடும். பிரஷில் கொஞ்சம் எடுத்து ஊறிய தாடியில் சுற்றிச் சுற்றித் தேயுங்கள்.

இதற்கும் குறை உண்டு. குமிழ் பெரிதாக இருக்கும், நுரை சீக்கிரம் காயும். கடை கிரீமில் கெட்டி நுரை நிற்பதற்குக் காரணம் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும் பொட்டாஷ் காரமும். அந்தக் காரத்தை அடுப்படியில் கையாளச் சொல்ல எனக்கு மனமில்லை, கண்ணுக்கு ஆபத்து. அதனால் கன்னம் கன்னமாகப் போட்டுச் சிரைக்கிறேன். தேங்காய் சோப்பு தோலை வறட்டும் என்பதும் உண்மை. முடித்ததும் ஃபிரிட்ஜில் இருக்கும் வெறும் கற்றாழையைத் தடவினால் இழுக்கிற உணர்வு போய்விடுகிறது.

என் தம்பிக்கு வறண்ட தோல், மெல்லிய முடி. அவன் தினமும் சிரைப்பவன், சோப்பைத் தொடவே வேண்டாம் என்று கற்றாழையை மட்டும் கொடுத்துவிட்டேன். எதுவானாலும் முதல் முறை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.