பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் பூட்டைக் கழற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கீழக்கரையில் எங்கள் வீட்டில் 1982 மாடல் பென்ஸ் 240டி ஒன்று நிற்கிறது. வாப்பா சிங்கப்பூரில் கடை வைத்திருந்த காலத்து வண்டி. டீசல் கார். பென்ஸ் கம்பெனி டபிள்யூ123 என்று பெயர் வைத்த வகை. உலகம் முழுக்க கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டி விற்ற வகை என்பதால் அபூர்வம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வண்டியில் ஒரு விசேஷம் இருந்தது. கதவு, இக்னிஷன், டிக்கி, டேஷ்போர்டு பெட்டி எல்லாவற்றுக்கும் வண்டியோடு வந்த அதே ஒரே சாவி.

கம்பெனி கொடுத்த இன்னொரு சாவியும் உண்டு. அது கதவையும் இக்னிஷனையும் மட்டும் திறக்கும், டிக்கியைத் திறக்காது. ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்த ஆளிடம் கொடுக்கிற சாவி. நம்மூரில் யாரிடம் கொடுக்கப் போகிறோம்? அது உம்மாவின் தகரப் பெட்டியில் கிடந்தது.

இப்போது அதே வண்டிக்கு மூன்று சாவி. பூட்டில் ஒன்றுகூட எங்கள் வண்டியுடையது இல்லை. எப்படி ஏமாந்தேன் என்று எழுதிவிடுகிறேன், அடுத்தவருக்காவது ஆகட்டும்.

கடலோரத்தில் எந்தப் பூட்டுக்கும் ஆயுசு குறைவு. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கதவுப் பூட்டைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். பூட்டின் கூடு துத்தநாகக் கலவை, அது வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். உள்ளே இருப்பது மெல்லிய பித்தளைத் தகடுகளும் முடி மாதிரி ஸ்பிரிங்குகளும்தான். வாப்பா வேறு வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுப்புப் பசையாகிவிட்டது. கிராஃபைட் பொடியை ஊதிவிட்டிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது.

போன வருடம் இக்னிஷன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே திருப்ப வேண்டும். இந்த வகை வண்டிக்கு இது பரம்பரை வியாதி. அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது: சாவி முதல் நிலைக்குத் திரும்பினால்தான் சாவி நுழைகிற உருளையை, அதாவது பூட்டின் சிலிண்டரை, முறையாக வெளியே எடுக்க முடியும். ஒரு நாள் அறவே திரும்பாமல் நின்றுவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் துளைபோட்டு உடைப்பது ஒன்றுதான் வழி. திரும்புகிற காலத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ராமநாதபுரத்தில் சாவி வெட்டுகிற பெரியவர் ஒருவரிடம் சாவியைக் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூட்டு நல்லாத்தான் இருக்கும் தம்பி, சாவிதான் தேஞ்சுபோச்சு. இதைப் பார்த்து நான் இன்னொண்ணு வெட்டினா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டுவேன். கம்பெனி நம்பருக்கு வெட்டின சாவியா வாங்கு" என்றார். காசுகூட வாங்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

அதே மாதம் ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த ஒருவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஷெட் வைத்திருப்பதாகவும் பழைய வெளிநாட்டு வண்டி மட்டும் பார்ப்பதாகவும் சொன்னார். "பாய், இது விண்டேஜ், கண்டவன் கையில கொடுத்துடாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டினால்தான் விண்டேஜ், எங்கள் வண்டிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. புகழ்ச்சி காதில் ஏறினால் கணக்கு எங்கே வருகிறது?

எல்லாப் பூட்டும் போய்விட்டது, ஜெர்மனியிலிருந்து புது ஒரிஜினல் செட் வரவழைத்து ஒரே சாவிக்கு அமைத்துத் தருகிறேன் என்றார். 45 ஆயிரம். அட்வான்ஸ் 25 ஆயிரம் ஜிபேயில் போட்டேன். வண்டியும் சாவியும் அவர் ஷெட்டுக்குப் போயின. பில் இல்லை, கழற்றுகிற சாமானுக்குப் பட்டியல் இல்லை, ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வள்ளல் சீதக்காதி சாலை முனையில் நிறுத்தும்போது வண்டி குதிரை மாதிரி ஒரு உதறு உதறி அணைந்தது. "பழைய வண்டி, அப்படித்தான் பாய்." கையில் மூன்று சாவியைக் கொடுத்தார். ஒரே சாவி என்றீர்களே என்றதற்கு, கண்டெய்னர் தாமதம், மீதி அடுத்த மாதம் மாற்றித் தருகிறேன் என்று பதில். மீதிப் பணத்தையும் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

மறுநாள் ராமநாதபுரம் பங்கில் டீசல் போட நிறுத்தினேன். பையன் "ஆஃப் பண்ணுங்க" என்றான். சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டு விளக்கு அணைந்தது. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் பாட்டுக்குக் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது! பையன் என்னைப் பார்க்கிறான், நான் சாவியைப் பார்க்கிறேன். கடைசியில் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி கிளட்சை விட்டு அணைத்தேன். அதே உதறல். முந்தின நாள் அவர் செய்ததும் இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

தெரிந்த மெக்கானிக் ஸ்டியரிங் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். டீசல் வண்டியில் அணைப்பதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. இந்த வண்டியில் சாவியை ஆஃப் செய்தால், ஸ்டியரிங் பூட்டின் பின்னால் இருக்கிற ஒரு சின்ன வால்வு வழியாக வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுகிற இழுப்பு, போய் டீசல் பம்பை நிறுத்தும். பெட்ரோல் வண்டியில் அந்த வால்வே கிடையாது. நம்ம ஆள் எங்கோ உடைத்த பெட்ரோல் பென்ஸின் பூட்டை அப்படியே தூக்கி மாட்டியிருக்கிறார். வால்வில் மாட்ட வேண்டிய பிரவுன் குழாய் அநாதையாகத் தொங்குகிறது. அதன் வாயில் ஒரு துண்டு சைக்கிள் வால்வு டியூப், அதற்குள் அடைப்பாக ஒரு ஆணி. ஜெர்மனி செட்!

பானட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்பு ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் வண்டி நிற்கும். இந்த வகை டீசல் வைத்திருப்பவர்கள் அது எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்து பழைய பூட்டுகளைக் கேட்டேன். "துருப்பிடிச்ச சாமான் பாய், பழைய இரும்புக்குப் போட்டாச்சு." பத்து நாள் கழித்து மச்சான் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்த ஆளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். விரித்த செய்தித்தாள் மேல் துடைத்துப் பளபளவென்று நான்கு பூட்டு, பக்கத்தில் எங்கள் சாவி. ‘240டி ஒரிஜினல் லாக் செட், கீயோட.’ சாவியோடு ஜோடி பிரியாத செட்டுக்குத் தேடி வந்து காசு கொடுக்க ஆள் இருக்கிறது. எனக்கு அது தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் மறுபடி கூப்பிடுவதற்குள் ஸ்டேட்டஸ் காணவில்லை.

ஸ்டேஷனில் முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்து நுகர்வோர் புகாரும் பதிந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் நடுவில் பேசி 15 ஆயிரம் திரும்பி வந்தது. பூட்டு வரவில்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், முறையான வழி முதலிலிருந்தே இருந்தது. ஆர்சி புத்தகம், அடையாள அட்டை, சேசிஸ் நம்பர் மூன்றையும் டீலரிடம் காட்டினேன். எங்கள் வண்டியின் நம்பருக்கே சாவியும் இக்னிஷன் சிலிண்டரும் ஆர்டர் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் சொன்னது இதைத்தான்.

இன்னொன்று. பெருமைக்குச் சாவி, பூட்டு படம் போடாதீர்கள். 1950, 60-களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றுக்கு எஃப்எஸ் என்ற எழுத்தோடு நம்பர் போட்ட ஒரே வரிசைச் சாவிதான், 876 முதல் 955 வரை மொத்தமே 80 நம்பர். பூட்டின் முகத்திலேயே நம்பர் அடித்திருப்பார்கள். படத்தில் அது தெரிந்தால் சாவியைக் கொடுத்த மாதிரிதான்.

டேஷ்போர்டு பெட்டிப் பூட்டில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மறக்காமல் இருக்க உம்மா சிவப்பு கியூடெக்ஸில் ஒரு பொட்டு வைத்திருந்தார். ஸ்டேட்டஸ் படத்திலும் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது, துடைத்தவர் அதை விட்டுவிட்டார். சிவப்புப் பொட்டு வைத்த 240டி பூட்டு செட் யாராவது விலைக்குக் காட்டினால் வாங்காதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.