‘ஒரிஜினல் சேம்பர்’ என்று விற்கும் பழைய .22 ரைஃபிள்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

பழைய ஒற்றைத் தோட்டா ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கச் செய்யும்) ரைஃபிள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். .22 ஷார்ட் தோட்டாவுக்காகச் செய்த ஒரு துப்பாக்கியின் சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, யாரோ குடைந்து நீட்டியிருக்கிறார்கள். அதை ‘.22 லாங் ரைஃபிள், தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே’ என்று சொல்லி ஒரு பழந்துப்பாக்கி வியாபாரி என் தலையில் கட்டிவிட்டார். உரிமம், கைமாற்றுப் பத்திரம் எல்லாம் முறையாகவே நடந்தன. பொய் சரக்கில்தான்.

அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஸ்டீவன்ஸ் ஃபேவரிட்: சின்னது, கைக்கு அடக்கம், குழலைத் தனியாகக் கழற்றிவிடலாம். பூச்சு தேய்ந்து, கட்டையெல்லாம் கீறல். மற்றது வின்செஸ்டர் 1885 லோ வால். ஜான் பிரவுனிங் 1879-ல் காப்புரிமை வாங்கி, பிறகு வின்செஸ்டருக்கு விற்ற ஃபாலிங் பிளாக் வடிவம்; சேம்பரின் பின்வாயை அடைக்கும் ‘பிளாக்’ என்ற இரும்புத் துண்டு கீழே இறங்கித் திறக்கும். பார்க்க ஜம்மென்று இருந்தது. ஃபேவரிட்டில் பிளாக்கைத் தாங்கும் ஊசிகள் நாளடைவில் தேய்ந்து ஆட்டம் காணும் என்பது உண்மைதான். அவர் அதையே பிடித்துக்கொண்டு, “அது ஆடும், இது பாறை” என்று லோ வாலின் பக்கம் தள்ளினார். விலையும் அதற்குத்தான் கூட.

அந்த லோ வாலை வாங்கிச் சுட்டுப் பார்த்தபோது முதலில் தெரிந்தது காலிக் கூடு வெளியே வராததுதான். முனைப் பக்கத்திலிருந்து கம்பியை விட்டுத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கூட்டின் மேல் வட்ட வட்டமாகக் கீறல்கள். குடைந்தவர் சேம்பரை மழமழப்பாக்கக்கூட மெனக்கெடவில்லை. அட்டையில் குண்டுகள் கண்டபடி சிதறின. சில துளைகள் வட்டமாகவே இல்லை.

காரணம் எளிது. இரண்டு தோட்டாக்களின் கூட்டுக்கும் குறுக்களவு ஒன்றே, நீளம்தான் வேறு. ஷார்ட்டின் கூடு சுமார் 10.7 மில்லிமீட்டர், லாங் ரைஃபிளின் கூடு 15.6. அதனால் குடைவது சுலபம். ஆனால் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளான புரியைக் குடைந்து மாற்ற முடியாதே! ஷார்ட்டின் குண்டு வழக்கமாக 29 கிரெய்ன் எடை. அதற்கு 20 அல்லது 24 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரி போதும். 40 கிரெய்ன் எடையுள்ள நீளமான குண்டுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் வழக்கம். புரி மெதுவாக இருந்தால் நீளமான குண்டு நேராக நிற்காமல் தள்ளாடும்.

இறுக்கமான துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் தள்ளி, அது ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் போகிறது என்று அளந்தேன். கைப்பிடி தாராளமாகச் சுழல வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பிவிடும். 24-க்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் பூச்சை உற்றுப் பார்த்தேன். திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருந்தது, நிறுவனத்தின் எழுத்துகள் மங்கியிருந்தன, தோட்டா வகையைப் பொறித்திருக்க வேண்டிய இடம் வழவழவென்று கிடந்தது. தேய்த்து அழித்துவிட்டு மேலே புதுப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே அப்பியிருந்த கிரீஸைத் துடைத்தால் துரு தின்ற குழிகள். 1920-களின் பிற்பகுதிக்கு முன் வந்த தோட்டாக்களின் பற்றுமருந்து குழலை அரிக்கும் வகை என்பதால், அந்தக் காலத் துப்பாக்கியில் குழி இருப்பது அதிசயமில்லை. அதைக் கிரீஸ் போட்டு மூடிவிட்டு ‘கண்ணாடி மாதிரி குழல்’ என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“நூறு வருஷத் துப்பாக்கி இப்படித்தான் சுடும்” என்றார் வியாபாரி. அளவுகளையும் படங்களையும் அனுப்பிய பிறகு, ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார். அனுப்பிய செலவும் என் கையிலிருந்துதான் போனது.

நீங்கள் கேட்க வேண்டியவை: குழலின் மேல் உள்ள பொறிப்பின் தெளிவான படம், கிரீஸ் துடைத்த குழலின் படம், அதில் சுட்ட காலிக் கூடு ஒன்று, கம்பி வைத்து அளந்த புரியின் அளவு. ஃபேவரிட் என்றால் தோட்டா வகையையும் கட்டாயம் கேளுங்கள். அதே துப்பாக்கியை .25 ஸ்டீவன்ஸ், .32 ரிம்ஃபயர் தோட்டாக்களுக்கும் செய்தார்கள், அவை இன்று லேசில் கிடைப்பதில்லை. பூச்சு எப்படி இருந்தால் என்ன, ஆட்டமில்லாத பிளாக்கும் கலப்படமில்லாத சேம்பரும் இருக்கிற துப்பாக்கியையே எடுங்கள்.

நான் திருப்பிக் கொடுத்த லோ வால் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே படங்கள், அதே ‘தொழிற்சாலைச் சேம்பர்’, விலை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.