ஊட்டியில் காருக்கு சப்வூஃபர் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வண்டியில் சவுண்ட் சிஸ்டம் மாட்ட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

ஊட்டியில் ஒரு கார் ஆடியோ கடையில் 12 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) இரண்டும், அவற்றுக்குப் பவர் தரும் ஒரு மோனோ ஆம்ப்ளிஃபையரும் (ஆம்ப்) வாங்கி, அங்கேயே மாட்டினேன். கடை வாசலில் போட்டுக் காட்டியபோது டிக்கி அதிர்ந்தது. ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கினால் பர்லியார் தாண்டியதும் பேஸ் நின்றுவிடும். ஆம்பில் சிவப்பு விளக்கு எரியும், தொட்டால் கை சுடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி பாடும்.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் ஆம்பைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம ஊர் பனிக்கு உள்ளே ஈரம் இறங்கி போர்டு போச்சு சார். ஈரத்துக்கு வாரண்டி கிடையாது. இதைவிடப் பெரிய ஆம்ப் இருக்கு, பழசை எடுத்துக்கிட்டு கம்மி பண்ணித் தர்றேன்" என்றார். பனி என்றால் மலையில் இருப்பவன் மறுபேச்சு பேசமாட்டான் என்பது அவர் கணக்கு.

கோவையில் கார் ஆடியோ வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அவர் ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, அதன் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். 0.9 ஓம். ஓம் என்பது கரண்டைத் தடுக்கும் அளவு. ஆம்பின் முதுகிலேயே குறைந்தபட்சம் 2 ஓம் என்று அச்சடித்திருக்கிறது!

விஷயம் இதுதான். என் வூஃபர் ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் (ஒயர்ச் சுருள்) இரண்டு உண்டு. நாலு காயிலையும் பேரலலாக, அதாவது ஒவ்வொன்றுக்கும் கரண்ட் தனி வழியில் போகும்படி கோத்திருந்தார்கள். அப்படிக் கோத்தால் ஆம்புக்குத் தெரிவது வெறும் 1 ஓம். ஓம் பாதியானால் ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் இரண்டு மடங்கு. சத்தம் தூக்கலாக வரும், கூடவே சூடும் ஏறும். ஊட்டிக் குளிரில் இரண்டு பாட்டுக்கு ஒன்றும் தெரியாது. கல்லாறு வெயிலில் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அண்ணன் ஒவ்வொரு வூஃபரின் இரண்டு காயிலையும் சீரிஸாக்கி (ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து) 8 ஓம் கொண்டுவந்தார். அப்புறம் இரண்டு வூஃபரையும் பேரலலாகச் சேர்த்து 4 ஓம் ஆக்கினார். இப்போது மேட்டுப்பாளையம் வரை நிற்காமல் பாடுகிறது. ஆனால் ஆம்ப் தன் முழு பவரைத் தருவது 2 ஓமில். நாலு காயிலும் ஓடும்படி இந்த வூஃபர்களை எப்படிக் கோத்தாலும் 2 ஓம் வராது. 2 ஓம் காயில் இரண்டு உள்ள வூஃபரைத் தந்திருந்தால் இதே கோப்பில் சரியாக 2 ஓம் வந்திருக்கும். ஆக, விற்கும்போதே பொருந்தாத ஜோடியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது இதற்கு அடுத்துப் பார்த்ததில். பேட்டரியிலிருந்து பின்னால் வரும் பவர் ஒயரில் ஃபியூஸே இல்லை. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும். நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் தீதான். குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த வண்டியில் காட்டுக்குள் ராத்திரி வந்திருக்கிறோம். அந்த ஒயரும் செம்பு என்று பில் போட்டது. அண்ணன் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஆம்பில் ஒயரை மாட்டுமுன் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 4 ஓம் என்றால் 3.3, 3.6 என்று கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அது சரிதான். 1 பக்கம் வந்தால், ஆம்ப் 1 ஓம் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் மேக்ஸ் வாட்ஸை விட்டுவிட்டு, தொடர்ந்து தரும் பவரான ஆர்எம்எஸ் வாட்ஸைக் கேளுங்கள். பில்லில் மாடல் நம்பரும், ஒயர் முழுச் செம்பு என்பதும் எழுதி வாங்குங்கள்.

ஒயர் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன், மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில், மீட்டர் படம், சுரண்டிய ஒயர்த் துண்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அதே கடையில் யாருக்காவது பனியைக் காட்டி ஆம்பை மாற்றியிருந்தால், பில்லோடு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.